ஒட்டக மாமா பெயர் வாசித்த பதினெட்டு நாள்

படம் வெளியான அன்றைக்கே மதுரையில் திரையை நோக்கிச் செருப்பு பறந்தது, கோயம்புத்தூரில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், சென்னையில் ஒரு அம்மாள் தியேட்டர் வாசலில் நின்று "எங்க சின்ன வயசையே கொன்னுட்டாங்க" என்று விம்மியதை நாலு லட்சம் பேர் போனில் பார்த்து அவரவர் வீட்டில் விம்மினார்கள், திருச்சியில் ஒரு வக்கீல், குழந்தைகள் நிகழ்ச்சியைப் பேய்ப்படமாக்கியவர்களைச் சும்மா விடக் கூடாது என்று கோர்ட்டுக்கே போனார், ஆனால் வெள்ளூர்முக்கு கனகவல்லி டாக்கீஸில், காலை பதினொரு மணி ஆட்டத்தில், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், வாயில் ரத்தம் வழிய நின்ற ஒட்டக மாமா தன் திமிலின் ஜிப்பைத் திறந்து, ஒரு போஸ்ட் கார்டை வெளியே எடுத்து, "ச. சண்முகவடிவு, ஐந்தாம் வகுப்பு, வெள்ளூர்முக்கு" என்று வாசித்தார்.

வாசித்துவிட்டுக் காத்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் புருஷனோடு உட்கார்ந்திருந்த தையல்கடை சண்முகவடிவு, நாற்பத்து மூன்று வயது, இரண்டு பேரன்களுக்குப் பாட்டி, பாதி முறுக்கு வாயில் இருக்கும்போதே எழுந்து நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, "உள்ளேன் மாமா" என்றாள். திரையில் ஒட்டக மாமா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டு, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று தலையை ஆட்டினார். பிறகு படம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. மாமா காவல்காரன் ஒருவனின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் திமிலுக்குள் திணித்தார்.

"ஏட்டி, உக்காரு, என்ன கூத்து இது" என்றார் புருஷன்.

"கூப்பிட்டாருல்லா" என்றாள் சண்முகவடிவு. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "முப்பத்து மூணு வருசம் கழிச்சாவது கூப்பிட்டாருல்லா."

முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிவியில் ஒட்டக மாமா வருவார். ஒட்டகத் தோலுக்குள்ளே ஒரு மனிதர் இருந்தார் என்பதை அந்நாளில் எந்தப் பிள்ளையும் நம்பியதில்லை. ஆடுவார், பாடுவார், கடைசியில் திமிலின் ஜிப்பைத் திறந்து, பிள்ளைகள் எழுதிய கார்டுகளில் ஐந்தை எடுத்து ஐந்து பேரை வாசிப்பார். பெயர் வந்த பிள்ளை, எந்த ஊரில் எந்த டிவிக்கு முன்னால் இருந்தாலும் எழுந்து நின்று "உள்ளேன் மாமா" சொல்ல வேண்டும், அவர் கேட்டுச்சு என்பார். வெள்ளூர்முக்கில் ஒரே டிவி இருந்த மில்காரர் வீட்டு ஹாலில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் வாரா வாரம் எழுந்து நிற்கத் தயாராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும். அரக்கோணத்தை வாசித்தார், ஆண்டிபட்டியை வாசித்தார், அந்தமானைக்கூட வாசித்தார், மூன்று வருடத்தில் வெள்ளூர்முக்கை ஒரு தடவை வாசிக்கவில்லை. அப்புறம் நிகழ்ச்சி நின்றது, பிள்ளைகளுக்கு மீசை முளைத்தது, கல்யாணம் ஆனது, இடுப்பு வலி வந்தது. குத்துக்காலிட்ட அந்த உட்காரல் மட்டும் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் எழுந்திருக்காமல் அப்படியே இருந்தது.

ஆகவே ஊர் ஆச்சரியப்படவில்லை. தாமதமாக வந்த பஸ்ஸைப் பார்த்து யார் ஆச்சரியப்படுவார்கள், ஏறத்தானே பார்ப்பார்கள்.

மறுநாள் காலை ஆட்டத்துக்கு ஊரே வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார்கள், தேய்த்த சட்டை போட்டு வந்தார்கள், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் தங்கநாடார் நெற்றி நிறையத் திருநீறும் பையில் பேனாவுமாகப் பரீட்சைக்குப் போகிறவரைப் போல வந்தார். மதிய ஆட்டத்திலும் மாலை ஆட்டத்திலும் அது வெறும் பேய்ப்படம்; காலை ஆட்டத்தில்தான் மாமா, முதல் நாளைப் போல ஒன்றல்ல, ஐந்து கார்டு எடுப்பார். எடுப்பதற்கு முன்னால் அவர் ஐந்தாறு கொலை செய்தாக வேண்டியிருந்தது, அது கதையின் போக்கு, அதை ஊர் பொறுத்துக்கொண்டது. ஆனாலும் சலூன்கடை வேம்பு மட்டும் பின்வரிசையிலிருந்து, "மாமா, வெரசலாக் கொல்லுங்க, கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்" என்று குரல் கொடுப்பான். அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகள், "பயமாவே இல்லயேம்மா, யாரு இந்தக் கழுத?" என்று கேட்டு அடி வாங்கும்.

நாலாம் நாள் "இசக்கிமுத்து" என்று வாசித்தபோது ஒரே நேரத்தில் பதினேழு பேர் எழுந்தார்கள். மாமா கார்டைத் திரும்பப் பார்த்து, "மில்லுக்குப் பின்புறம்" என்றார். பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். "அப்பா பெயர் சுடலை" என்றார். ஐந்து பேர் உட்கார, மிஞ்சிய இசக்கிமுத்து, கூட்டுறவு வங்கியில் கண்டிப்புக்குப் பெயர்போன மேலாளர், கையைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவரைப் போல "உள்ளேன் மாமா" என்றார். அன்றைக்கு அவர் வங்கியில் யாரையும் வையவில்லை.

ஏழாம் நாள் அரபு நாட்டில், தம்மாமில், சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்த கொத்தனார் லிங்கத்துரையின் பெயர் வந்தது. அவன் அம்மா தயாராக இருந்தாள், போனைத் திரைப்பக்கம் உயர்த்திப் பிடித்தாள், கடல் தாண்டி "உள்ளேன் மாமா" என்று வந்த கத்தலையும், அதற்குப் பின்னால் ஒரு மேஸ்திரி இந்தியில் வைததையும் தியேட்டர் முழுக்கக் கேட்டது. மாமாவும் கேட்டுச்சு என்றார்.

செத்துப்போனவர்கள் பெயர் வந்தபோதுதான் ஊர் கொஞ்சம் திகைத்தது. பதில் வராவிட்டால் மாமா நகர மாட்டார். ரத்தம் சொட்டச் சொட்ட நிற்பார், படமும் நிற்கும். கோயில் பூசாரியிடம் கேட்டார்கள், அவர், "பேர் வாசிக்கிறது பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம், என்கிட்ட ஏன் வாரீங்க" என்று கையை விரித்தார். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வேலாயுதம்தான் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"வராதவனுக்கு வரலன்னுதான் போடணும். ஏன் வரலங்கிறதுக்கு ரிஜிஸ்தர்ல கட்டம் கிடையாது."

அதிலிருந்து, இல்லாதவர்களுக்காக வீட்டு மனிதர் யாராவது எழுந்து "வரல மாமா" என்பார்கள். மாமா அந்தக் கார்டைக் கிழிக்காமல், கசக்காமல், பத்திரமாகத் திமிலுக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொள்வார்.

இத்தனையையும் கேன்டீன் மாரிக்கனி, பக்கவாட்டுக் கதவின் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். கனகவல்லி டாக்கீஸில் இருபது வருடமாக முறுக்கும் கடலைமிட்டாயும் கலர் சோடாவும் விற்கிறவள். தினமும் ஐந்தாவது கார்டு முடிந்ததும் விரலை எடுத்துவிட்டு, "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, பிறகு அந்த மூச்சு ஏன் இவ்வளவு கசக்கிறது என்று தன்னையே வைதுகொண்டு, அடுப்பைப் பற்ற வைப்பாள்.

"உனக்கு இன்னும் வாசிக்கலயாட்டி?" என்று கேட்பாள் சண்முகவடிவு. சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல ஊரில் இப்போது எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள்.

"நான் எழுதவே இல்லக்கா" என்பாள் மாரிக்கனி. சண்முகவடிவு அவளுக்கு ஒரே வகுப்புதான், ஆனாலும் பேரன் எடுத்த பிறகு அக்கா ஆகிவிட்டாள்.

அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவள் வீட்டில் அம்மா வாங்கி வந்தது ஒரே ஒரு கார்டு. "சின்னவன் எழுதட்டும்" என்று அதைத் தம்பி ஆவுடையப்பனிடம் கொடுத்தாள். இரண்டாம் வகுப்புக்காரன், கவிழ்ந்து படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க எழுதி, "யக்கா, இதப் போட்டுரு" என்று அவளிடம் தந்தான். கோழி கிளறியது போன்ற அந்த எழுத்தில் அவனுடைய பெயரையும் வகுப்பையும் தவிர வேறெதையும் அவள் படிக்கவில்லை. போகிற வழியில் பாலத்துக் கட்டையில் குந்தி, ஆவுடையப்பன் என்பதை அடித்துவிட்டு மாரிக்கனி என்று எழுதினாள். பத்து வயது அவளுக்கு. இரண்டாம் வகுப்பையும் அடித்து ஐந்தாம் வகுப்பாக்கினாள்.

அதற்குப் பிறகு வந்த நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆவுடையப்பன் தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு மில்காரர் வீட்டு ஹாலில் போய், உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கிற நேரத்தில் மாமா அடுத்த பெயருக்குப் போய்விடுவாராம். ஐந்து பெயரும் முடிந்ததும், "அடுத்த வாரம்" என்பான். நாற்பத்திரண்டாவது ஞாயிறு அவன் பெரியாஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையோடு கிடந்தான். சாயங்காலம் பார்க்கப் போன மாரிக்கனியிடம், "வாசிச்சாராக்கா?" என்று கேட்டான்.

"வாசிச்சாருடா."

"நீ எனக்காவ உள்ளேன் சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டுச்சுன்னாரா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

அவன் சிரித்தான். செவ்வாய்க்கிழமை இல்லாமல் போனான்.

இப்போது அந்தக் கார்டு திமிலுக்குள் எங்கேயோ இருக்கிறது, ஒருநாள் வெளியே வரும், வந்தால் அவள் பெயரைத்தான் சொல்லும். ஊர் கைதட்டும். ஆவுடையப்பனை யாரும் வாசிக்காமலேயே மாமா ஜிப்பை மூடிக்கொண்டு போய்விடுவார். மாரிக்கனிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அவன் பெயரை அந்த வாய் ஒரு தடவை சொல்ல வேண்டும். அதற்கு வழியில்லாமல் அடித்துவைத்தது அவள் கை.

பதினாறாம் நாள் சென்னையிலிருந்து படத்தின் இயக்குநர் வந்தான். பிரணவ் என்று பெயர், முப்பது வயது இருக்கும், ஊர் ஊராகப் போய் மக்கள் எப்படி அலறுகிறார்கள் என்று பார்ப்பது அவனுக்கு வழக்கம். கனகவல்லி டாக்கீஸில் பின்வரிசையில் உட்கார்ந்து, தான் எடுக்காத காட்சியைத் தன் படத்தில் பார்த்தான். ஜனங்கள் எழுந்து நிற்பதையும், அழுவதையும், பக்கத்து ஆளுக்கு மிட்டாய் கொடுப்பதையும் பார்த்தான். இடைவேளையில் கேன்டீன் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சார், இது பேய்ப்படம் சார், நீங்க பயப்படணும்" என்றான், கெஞ்சுகிற மாதிரி.

"பயப்படலாம் தம்பி, அதுக்கென்ன" என்றார் தியேட்டர் முதலாளி பொன்னுலிங்கம் அண்ணாச்சி. "மொதல்ல பேர் வாசிச்சு முடியட்டும்."

முறுக்கைக் கடித்தபடி அவன் சொன்ன கதையில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. படத்துக்காகப் பழைய டிவி நிலையத்தின் கிடங்கைத் துழாவியபோது ஒரு சாக்கு கிடைத்ததாம். எல்லாம் ஒரே ஊர்க் கார்டு, எல்லாவற்றிலும் நாலு மூலையிலும் கறுப்பு மை. மூலையில் கறுப்பு வைத்து வந்தால் சாவுச் சேதி அல்லவா, குழந்தைகள் நிகழ்ச்சிக்கு எந்தப் பாவி எழவுக் கார்டு போடுகிறான் என்று, அங்கே இருந்தவர்கள் ஒன்றைக்கூடப் படிக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். "பார்க்கவே திகிலா இருந்துச்சு. அதைத்தான் திமிலுக்குள்ள போட்டுப் படம் எடுத்தேன்."

கேன்டீனில் ஒவ்வொரு தலையாகத் திரும்பி மாரிக்கனியைப் பார்த்தது.

"ஏட்டி" என்றாள் சண்முகவடிவு. "அது உங்க வீட்டு மைதான?"

மாரிக்கனியின் அம்மா கண்மை கூட்டி விற்றவள். வெளியூர்ப் பிள்ளைகளின் கண் நம் கார்டு மேல் பட்டுவிடும், நாலு மூலைக்கும் திருஷ்டிப் பொட்டு வைத்தால்தான் தாங்கும் என்று யோசனை சொல்லி, தபால்பெட்டிக்கு முன்னால் மைச்சிமிழோடு நின்று, ஊர்ப் பிள்ளைகளின் கார்டு ஒவ்வொன்றுக்கும் தன் கையால் பொட்டு வைத்து உள்ளே போட்டவள் மாரிக்கனி. சாவுச் சேதிக் கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுகிற பெரியவர்கள் அதைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டியதே இல்லை.

"கண்ணு படக் கூடாதுன்னுதான்..." என்றாள்.

"நல்லா வச்ச போ. ஒருத்தன் கண்ணுலயும் படல" என்றான் வேம்பு. ஒரு நிமிஷம் அது சண்டையாகப் போகும் போல இருந்தது. பிறகு வங்கி மேலாளர் இசக்கிமுத்து முதன்முதலாகச் சிரித்தார், அவர் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிரணவ் மட்டும் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கி, "நானும் டிவி நிகழ்ச்சிக்கெல்லாம் எழுதினவன்தான். ஒருதடவ என் பேரையும் இவரு வாசிப்பாராண்ணா?" என்று கேட்டான்.

"ஊர்க்காரனா இருக்கணும்லா" என்றார் அண்ணாச்சி, மெய்யாகவே வருத்தப்பட்டு. "இங்கிட்டுப் பொண்ணு கட்டுனா யோசிக்கலாம்."

படத்தை இன்னும் இரண்டு நாளில் எடுத்துவிடுவதாக விநியோகஸ்தரிடமிருந்து சொல்லி வந்தது. மற்ற ஊர்களில் எப்போதோ எடுத்தாகிவிட்டது. பதினெட்டாம் நாள் காலை ஆட்டத்துக்கு ஊரே வந்து உட்கார்ந்தபோது, வாசிக்கப்படாத ஆள் மாரிக்கனி ஒருத்திதான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் நின்றாயிற்று, மை வைத்தவள் நிற்க வேண்டாமா என்று, அடுப்பை அணைக்க வைத்து, கையைப் பிடித்து இழுத்து வந்து, நட்டநடு வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் எழுதவில்லை எழுதவில்லை என்று சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மாமா கொல்ல வேண்டியவர்களைக் கொன்றார். நாலு கார்டு வாசித்தார். நாலும் ஏற்கெனவே வாசிக்கப்பட்டவர்களின் இரண்டாவது கார்டு, அவர்கள் அவசரமாக உள்ளேன் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஐந்தாவது கார்டை எடுத்தார்.

"ஆ. மாரிக்கனி, ஐந்தாம் வகுப்பு, வெள்ளூர்முக்கு."

தியேட்டர் ஆர்ப்பரித்தது. விசில் பறந்தது. மாரிக்கனி எழுந்து நின்றாள். சிறுமியாக இருந்தபோது எந்தப் பெயரை அந்த வாயிலிருந்து கேட்க ஏங்கினாளோ அது கேட்டுவிட்டது, கேட்ட மாத்திரத்தில் உடம்பு முழுக்க ஒரு பத்து வயதுச் சந்தோஷம் பீறிட்டது, அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சொல்லுட்டி!"

"நான் இல்ல மாமா" என்றாள்.

விசில் நின்றது.

"அது என் கார்டு இல்ல. தம்பி பேர அடிச்சிட்டு என் பேர எழுதினேன். அவங்கிட்ட நீங்க வாசிச்சிட்டதா வேற பொய் சொன்னேன். அவன் நம்பிட்டுப் போனான் மாமா."

திரையில் ஒட்டக மாமா கார்டைக் கண்ணருகே கொண்டுபோனார். தெரியவில்லை. அப்புறம் அதை, எல்லாருடைய தலைக்கும் மேலாக வந்துகொண்டிருந்த புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்; அடித்த மைக்கு அடியில் இருந்த எழுத்து வெளிச்சத்தில் எழுந்து வந்தது.

"ஆ. ஆவுடையப்பன்" என்று வாசித்தார். "இரண்டாம் வகுப்பு."

"வரல மாமான்னு சொல்லும்மா" என்றார் தலைமையாசிரியர், தணிந்த குரலில். மாரிக்கனி வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. நாற்பத்தொரு ஞாயிறு உட்காராமல் நின்றவனை வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

மாமா காத்திருந்தார். பிறகு, அதுவரை எந்தக் கார்டுக்கும் செய்யாத காரியமாக, கார்டைத் திருப்பி, கோழி கிளறிய அந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்:

"மாமா, உங்க திமிலுக்குள்ள எவ்வளவு எடம் இருக்கு? நானும் எங்க அக்காவும் வந்தா எடம் காணுமா?"

பதினெட்டு நாளில் முதல்முறையாகக் கனகவல்லி டாக்கீஸ் பயந்தது. அந்தத் திமிலுக்குள் யார் யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்று பார்த்தவர்கள் அல்லவா. பின்வரிசையில் பிரணவ் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். மாமா திமிலின் ஜிப்பை முழுக்கத் திறந்தார். மாரிக்கனி வரிசையை விட்டு வெளியே வந்து, தரை டிக்கெட்டைத் தாண்டி, திரைக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"ஏட்டி, போவாத! சொன்னா கேளு!" சண்முகவடிவின் குரல் கீச்சென்று உடைந்தது.

ஒட்டக மாமா அவளைப் பார்த்தார். நீளக் கழுத்தை வளைத்து, முகத்தைத் தன் திமிலுக்குள்ளேயே விட்டு, உள்ளே யாரிடமோ ஏதோ கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை சிரித்தார். பிறகு முகத்தை வெளியே எடுத்து, குனிந்து, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல, ஆனால் தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"உள்ளதான் இருக்கான். பக்கத்துல துண்டு விரிச்சு உனக்கு எடம் போட்டு வச்சிருக்கான். வேற யாரையும் உக்கார விட மாட்டேங்கிறான். நீ மெதுவா வந்தாப் போதுமாம்."

ஜிப்பை மூடினார். படம் ஓடத் தொடங்கியது.

மாரிக்கனி அங்கேயே, தரையில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மிச்சப் படம் முழுவதையும், மாமா இன்னும் ஏழு பேரைக் கொல்வதையும், கடைசியில் அவரை எரிப்பதையும், எழுத்து ஓடி முடிவதையும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். விளக்குப் போட்டார்கள். சனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கினார்கள். சண்முகவடிவு வந்து தோளைத் தொட்டாள்.

"எந்திரிட்டி. எல்லாரும் போயாச்சு. வா."

"நீ முன்னால போக்கா" என்றாள் மாரிக்கனி, வெறுந்திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "என்னய மெதுவாத்தான் வரச் சொல்லியிருக்கான்."